ஏழு என்ற எண்ணிக்கை

சரித்திர நாவல் என்ற பேச்சு எழுந்தால் நம்மவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். சுளிப்பதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. குதிரை, உடைவாள், சுரங்கப்பாதை, மாறுவேடம், மார்பில் மச்சம் என்று வாரப் பத்திரிகைகளின் விற்பனையோடு ஒட்டிப் பெருத்த சரக்கு அது. வீராணம் ஏரிக்கரையில் ஒரு வாலிபனைக் குதிரைமேல் ஏற்றிக் கல்கி 1950-ல் அனுப்பிவைத்தார். அந்தக் குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனவர்கள் எத்தனை பேர்! சரக்கை நாம் நிராகரித்தது சரிதான். ஆனால் நிராகரித்த வேகத்தில் அந்தச் சரக்கு கைவைத்த விஷயத்தையும் சேர்த்து எறிந்துவிட்டோம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கடந்த காலம் முழுவதையும் அவர்களிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, நாம் நம் அறைக்குள் நம் பிரக்ஞையோடு உட்கார்ந்துகொண்டோம்.

இதை ஒரு இலக்கியப் பிரச்னையாக நான் எழுப்பவில்லை. மூன்று வருஷமாக ஒரு நாவலோடு மல்லாடி, பாதியில் நின்றுபோனவன் நான். நின்றதற்குக் காரணம் உருவம், உத்தி, மொழி எதுவுமில்லை. செய்யலாமா கூடாதா என்ற ஒரு கேள்வி. அதை நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் இருப்பது விருத்தாசலம். வெளியூர்க்காரர்களுக்கு இது ரயில் மாறும் ஜங்ஷன், அல்லது பீங்கான் ஊர். செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. (புதுமைப்பித்தனின் இயற்பெயர் இந்த ஊரின் பெயர்தான் என்று இங்கே யாரிடமாவது சொன்னால், அப்படியா, எந்தத் தெரு என்று கேட்பார்கள். அவர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.) பழைய பெயர் முதுகுன்றம். குன்று என்று சொல்லிக்கொள்ள இன்று எதுவும் கண்ணில் படாது. சுந்தரர் இங்கே பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது தலபுராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் கேலியாகச் சொல்வது, இங்கே பக்தியாகச் சொல்லப்படுகிறது. சரித்திர நாவல் எழுதுகிறவன் செய்வதும் ஏறக்குறைய இதுதான் என்பது பிறகு எனக்கு விளங்கியது. தொலைந்தது ஒரு இடத்தில்; தேடுவது தனக்கு வசதியான இன்னொரு இடத்தில்.

நடுநாடு என்ற பெயரே ஒரு தினுசான பெயர். சோழநாடு, பாண்டிநாடு, தொண்டைநாடு என்பவற்றுக்கெல்லாம் யாரோ சொந்தக்காரர்கள் உண்டு. இதற்கு இரண்டு பக்கமும் இருக்கிறவர்களை வைத்துத்தான் பெயர். எல்லைப்புறம் என்பதன் விதி இது. அதற்குத் தன் சரித்திரம் கிடையாது. அடுத்தவர்களின் சரித்திரத்தில் அது ஒரு வழி. செம்பியன் மாதேவி இந்தக் கோயிலைக் கல்லாக்கியபோது இது சோழர் சரித்திரம். 1186-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்றில் காடவர் தலைவன் தன் தலைமுறைகளை வரிசைப்படுத்திக்கொண்டபோது, இது ஒரு குறுநில வம்சம் தலை தூக்கிய சரித்திரம். அந்த வம்சத்துக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் மூன்றாம் ராஜராஜ சோழனையே பிடித்து அடைத்துவைத்தான். போசள நரசிம்மன் படை அனுப்பி மீட்டான். மீட்ட கதை கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம் கோயில் கல்லில் விஸ்தாரமாக வெட்டப்பட்டிருக்கிறது. அரசனை மீட்க வந்த தண்டநாயகர்கள் ஊர்களை அழித்ததையும், பயிரைச் சுட்டதையும், பெண்டுகளைப் பிடித்ததையும் அதே கல்லில் சாதனையாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். மீட்பர், துரோகி என்ற சொற்களை எந்தப் பக்கம் நின்று உச்சரிப்பது என்று தெரியாமல் அந்தக் கல்லின் முன் நான் ஒரு மத்தியானம் நின்றிருக்கிறேன். அதை வைத்துத்தான் எழுதுவதாக முதலில் நினைப்பு. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அது அல்ல. அரசர்கள், தண்டநாயகர்கள் எல்லோருக்கும் கல் இருக்கிறது. எனக்கு அகப்பட்டது கல் இல்லாத ஒரு சங்கதி.

1751 ஜூலை. திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி. வெளியே முற்றுகை போடச் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும். கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து திருச்சிக்கு ஆளும் தளவாடமும் போக வேண்டிய பெருவழியில் நடுவில் நிற்பது எங்கள் ஊர்க் கோயில். சுற்றுமதிலும் கோபுரமுமாக இருந்த கோயில் அன்று ஆங்கிலேயருக்கு ஒரு கோட்டை. அதை எதிரிகள் வளைத்துக்கொண்டிருக்க, 80 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்ட ஒரு படை வந்து அவர்களை விரட்டிவிட்டுத் தளவாடங்களை மேற்கே அனுப்பியது. கூட வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் வேலை முடிந்து கடலூருக்குத் திரும்பினார்கள். ஒருவர் பிகட், கவுன்சில் அங்கத்தினர். மற்றவர் கிளைவ், வயது 25, தளவாட மேற்பார்வை. பாதுகாப்புக்குப் பன்னிரண்டு சிப்பாய்கள். ஏறக்குறைய அத்தனை வேலைக்காரர்கள்.

வழியில் பாளையக்காரரின் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். திரித்துப்பாக்கிகளால் பல மணிநேரம் சுட்டுச் சுட்டு நெருக்கினார்கள். சிப்பாய்களில் ஏழு பேர் செத்தார்கள். வேலைக்காரர்களில் பலர் செத்தார்கள். மிச்சமிருந்தவர்களிடம் மருந்தும் குண்டும் தீர்ந்துபோனதும், அவரவர் கலைந்து போகும்படி உத்தரவு ஆயிற்று. பிகட்டும் கிளைவும் குதிரைகளின் வேகத்தால் தப்பினார்கள்.

இவ்வளவுதான். ராபர்ட் ஓர்ம் 1763-ல் வெளியிட்ட யுத்த சரித்திரத்தின் முதல் தொகுதியில் இது சில வரிகள். ஊர்ப் பெயரைக்கூட ‘வெர்டாசெலம்’ என்று எழுதுகிறார். பிறகு கிளைவ் என்ன ஆனார் என்பது பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும்; அடுத்த சில வாரங்களிலேயே ஆற்காடு. பிகட் சென்னைக்குக் கவர்னராகி, இரண்டாம் முறை பதவிக்கு வந்தபோது தன் கவுன்சிலாராலேயே சிறைவைக்கப்பட்டு 1777-ல் காவலிலேயே செத்துப்போனார். அன்று ஒரு குண்டு சற்று விலகிப் பட்டிருந்தால் இந்திய சரித்திரமே மாறியிருக்கும் என்று ஒரு நண்பர் உற்சாகமாகக் கடிதம் எழுதினார். இந்த மாதிரி உற்சாகத்தில் எனக்கு ருசி இல்லை. அது மறுபடியும் கிளைவைப் பற்றிய கதைதான். கொல்லப்பட்ட கிளைவைப் பற்றிய கதை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பார்த்தது வேறு. அந்தச் சில வரிகளில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. மேல்படியில் இருவருக்குப் பெயர். அடுத்த படியில் சிப்பாய்களுக்கு எண்: ஏழு. கடைசிப் படியில் வேலைக்காரர்களுக்கு எண்கூட இல்லை, ‘பலர்’. சாவில்கூட மனிதனை மூன்று இலக்கணமாகப் பிரித்துவிட்டது ஒரு வாக்கியம். ஓர்மின்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் யாரையும் இழிவுபடுத்த நினைத்து எழுதவில்லை. அவருக்குக் கிடைத்த தஸ்தாவேஜுகள் எப்படிப் பார்த்தனவோ அப்படிப் பார்க்கிறார். அதுதான் இதில் இருக்கிற பயங்கரம்.

கணக்கு எழுதுகிறவனாக எனக்கு இன்னொன்றும் தெரியும். ‘ஏழு’ என்று ஒருவன் எழுதினால், எங்கோ ஒரு சம்பளப் பட்டியலில் ஏழு பெயர்கள் இருந்திருக்க வேண்டும். எண் சும்மா வராது. பன்னிரண்டில் ஐந்து போக ஏழு என்று யாரோ பெயர்களைப் படித்து, வராதவர்களை எதிரே கோடிழுத்து, கூட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆக, பெயர் இல்லாமல் போகவில்லை, எண்ணாக மாற்றப்பட்டது. வேலைக்காரர்களின் கூலி கம்பெனிக் கணக்கில் வராது, துரைமாரின் சொந்தச் செலவு. ஆகவே அவர்களை எண்ண வேண்டிய அவசியம் யாருக்கும் இருந்திருக்காது. இது என் ஊகம். ஆனால் எங்கள் பட்டறையில் நிரந்தர ஆளுக்கும் அன்றாடக் கூலிக்கும் நான் வைத்திருக்கிற இரண்டு நோட்டுகளைப் பார்க்கிறவர்கள் ஊகம் என்று தள்ளிவிடமாட்டார்கள்.

முதல் எழுத்தில் அந்த ஏழு பேருக்கும் நான் பெயர் வைத்தேன். ஊர், குடும்பம், ஒருவனுக்குப் பெண்டாட்டியோடு பிணக்கு, ஒருவனுக்குத் தீராத பல்வலி. நாற்பது பக்கம் ஜீவனோடு வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு நினைப்பு. பட்டறையில் அச்சு எடுக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் எழுதுவதைப் பார்த்து விசாரித்தார். கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏழு பேரும் எந்தத் தெருக்காரங்க சார்?” என்றார்.

அப்படியெல்லாம் பார்க்கவில்லை ஐயா என்றேன்.

“தெருவப் பாக்காம பேரு எப்பிடி சார் வெச்சீங்க? பேர வெச்சீங்கன்னா தெரு கூடவே வந்துடுமில்ல?”

அன்றைக்கு எழுத்து நின்றது. என் பெயர்களை எடுத்துப் பார்த்தேன். ஏழில் ஐந்து, எனக்குப் பரிச்சயமான தெருவிலிருந்து வந்தவை. நான் யோசித்து வைக்கவில்லை, யோசிக்காததால் வந்தவை. 1740-களின் கடைசியில்தான் கம்பெனி உள்ளூர்க்காரர்களைச் சிப்பாய்ப் படையாகத் திரட்டத் தொடங்கியது. யார் யாரோ வந்து சேர்ந்த கூட்டம் அது. அதில் விழுந்த ஏழு பேரை என் சொந்தக்காரர்களாக ஆக்கிவைத்திருந்தேன். சரி, கலந்து வைக்கலாமே, இவனை முஸ்லிமாக, இவனைத் தெலுங்கனாக, இவனைப் பறையனாக என்று இரண்டாம் எழுத்தில் பங்கீடு செய்தேன். அது இன்னும் மோசம். நியாயமாகப் பிரிக்கப்பட்ட ரேஷன் கடை மாதிரி இருந்தது.

செத்தவனுக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கேட்டார்கள். செத்தவனுக்கு நஷ்டமில்லைதான். ஆனால் அவன் விட்டுப்போன ஒரு பள்ளம் இருக்கிறது. பெயரை அழித்தது ஒரு செயல். அந்தப் பள்ளம் அதற்குச் சாட்சி. நான் ஒரு கற்பிதப் பெயரைப் போட்டு அதை மூடுகிறேன். வாசகன் ஒரு மாதிரி நிறைவோடு புத்தகத்தை மூடுகிறான்: அப்பாடா, அவர்களுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. யாருக்குக் கிடைத்தது? எனக்கும் அவனுக்கும் கிடைத்தது. ‘குரலற்றவர்களின் குரல்’ என்று இப்போது மேடைதோறும் கேட்கிற வாசகத்தில் என்னை உறுத்துவது இதுதான். ஒருவன் தொலைத்த பத்திரத்துக்குப் பதிலாக நான் ஒரு பத்திரம் எழுதி, அவன் கையெழுத்தையும் நானே போட்டுக் கொடுப்பது உபகாரமா?

மன்ஸோனிக்கு இந்த விசாரம் இருந்தது. ‘நிச்சயிக்கப்பட்டவர்கள்’ நாவலை 1827-ல் வெளியிட்டு இத்தாலியே கொண்டாடிய பிறகு, 1850-ல் சரித்திர நாவல் என்ற வடிவமே நிற்காது என்று ஒரு கட்டுரை எழுதினார். எது நடந்தது, எது புனைந்தது என்று பிரித்துக் காட்டினால் கதை உடைகிறது. காட்டாவிட்டால் வாசகனை ஏமாற்றுகிறோம். இரண்டு புகாரும் நியாயம், இரண்டையும் ஒருசேரத் தீர்க்க முடியாது என்பது அவர் கட்சி. தன் பெயரை நிலைநாட்டிய வடிவத்துக்குத் தானே தீர்ப்பு எழுதிய நேர்மை பெரிது. ஆனால் அவர் கவலை வாசகனைப் பற்றியது. என் கவலை அந்த ஏழு பேரைப் பற்றியது. ஸ்காட்டுக்கு இந்தச் சங்கடமே கிடையாது. எல்லைப்புற மாடுபிடிச் சண்டைகளின் பாட்டுகளை 1802-ல் தொகுத்துவிட்டுத்தான் 1814-ல் நாவலுக்கு வந்தார்; செத்தவர்களின் பெயர்களைப் பாட்டு ஏற்கெனவே காப்பாற்றி வைத்திருந்தது. நம்மிடமும் இது இல்லாமலில்லை. பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’ எழுதியபோது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு கையில் இருந்தது. புதுச்சேரியில் ஒரு துபாஷ் நாள்தோறும் உட்கார்ந்து ஆட்களைப் பெயரோடு எழுதிவைத்தார். எங்கள் பாதையில் அன்றைக்கு எந்தத் துபாஷும் வரவில்லை.

இன்னும் பழைய எல்லைப்புறம் ஒன்று உண்டு. செங்கத்து நடுகற்களைத் தொல்லியல் துறை 1972-ல் புத்தகமாகப் போட்டது. பல்லவனுக்கும் கங்கனுக்கும் பாணனுக்கும் இடையில் கிடந்த பூமி. மாடு மீட்டுச் செத்தவன் பெயர், அவன் யாருடைய சேவகன் என்பது, அரசனின் ஆட்சியாண்டு எல்லாம் கல்லில் இருக்கும். அந்தப் பக்கத்தில் எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் ஒரு எல்லைக் கிராமம் ஒரு நாய்க்குப் பெயரெழுதிக் கல் நட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சு இயந்திரமும் காகிதமும் வைத்திருந்த ஒரு நாகரிகம் ஏழு ஆட்களை ஏழு என்று எழுதியது. இதைவைத்துப் பழம்பெருமை பேச எனக்கு உத்தேசமில்லை. அந்தக் கற்களிலும் சண்டையில் சேராத பெண்டுகளுக்கு எத்தனை இடம் என்று பார்த்தால் பெருமை அடங்கிவிடும். கல் நட்டவர்கள் செத்தவனை அறிந்தவர்கள். நான் அறிந்தவன் இல்லை. விஷயம் இதுதான்.

பெயர் வைக்காமலே எழுதிவிடலாமே என்றால், அதற்கும் நம் வட்டத்தில் உடனே சம்மதம் கிடைக்கும். பெயரில்லாத ‘அவன்’ நம் கதைகளில் காலம் காலமாக உலாவுகிறவன்தானே. டீக்கடையில் உட்காருவான், ஜன்னல் வழியாகப் பார்ப்பான், அலுத்துக்கொள்வான். ஆனால் அவன் தன் பெயரைத் தானே கழற்றிவைத்தவன். பெரும்பாலும் படித்தவன், வீட்டு முகவரி உள்ளவன். இவர்களுடையது பறிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே ‘அவன்’ என்ற சொல்லால் எழுதினால், ஓர்ம் செய்ததையே கலையின் பெயரால் நான் இன்னொரு தடவை செய்கிறேன்.

இதற்கிடையில் சுட்டவர்கள் இருக்கிறார்கள். பாளையக்காரரின் ஆட்களை 1751-லேயே விடுதலை வீரர்களாக்கி, வெள்ளைக்காரனிடம் கூலி வாங்கிய சிப்பாய்களைத் துரோகிகளாக்கி ஒரு நாவல் எழுதினால் இன்றைக்கு நல்ல வரவேற்பு இருக்கும். தலைவன் எந்தச் சாதி என்பதைப் பொறுத்துச் சுவரொட்டியும் கிடைக்கலாம். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவது என்று மேலே சொன்னேனே, அது இதைத்தான். அந்தப் பாதையில் அன்று அந்த இரண்டு சொற்களும் புழக்கத்தில் இல்லை. தன் எல்லைக்குள் ஆயுதத்தோடு வந்தவர்களை அடித்தார்கள்; சம்பளம் வாங்கியவர்கள் திருப்பி அடித்தார்கள். இரண்டு பக்கமும் வீட்டில் கேழ்வரகு தின்கிறவர்கள்.

யோசித்து யோசித்து நான் வந்து நின்றது அந்த உத்தரவில். கலைந்து போங்கள். சொன்னவர்கள் குதிரை வைத்திருந்தார்கள். கேட்டவர்களுக்குக் கால்கள் இருந்தன. துப்பாக்கி இருந்தது, குண்டு இல்லை. நின்றால் வீணாகச் சாவார்கள், ஆகவே போகச் சொன்னது கருணை. தாங்கள் தப்பும்போது பின்னால் நாலு திசையில் ஓடுகிற ஆட்கள் துரத்துகிறவர்களைக் கொஞ்சம் சிதறடிப்பார்கள் என்பதும் அதில் இருந்திருக்கலாம். சொன்னவருக்கே எது என்று தெரிந்திருக்காது. ஒரே வாக்கியத்தில் விடுதலையும் கைவிடுதலும் கலந்திருக்கிற அந்த நிமிஷத்தை எந்தத் தஸ்தாவேஜும் பிரித்துத் தராது. அங்கேதான் நாவலாசிரியனுக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். பெயர் வைப்பதில் அல்ல.

ஏழு போக ஐந்து. அந்த ஐந்து பேர் அன்றைய ஆடிமாதக் கரம்பில் எங்கே ஓடினார்கள், எந்த ஊரில் தண்ணீர் கேட்டார்கள், கம்பெனிச் சிப்பாய் என்று தெரிந்தும் யார் கொடுத்தார்கள்? கடலூருக்குத் திரும்பினார்களா, சம்பளம் பிடிக்கப்பட்டதா? ஏழு பேரின் பெயர் அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இப்போதைய எழுத்தில் அந்த ஐவரையும் அவர்கள் செய்வதை வைத்தே அடையாளம் காட்டிக்கொண்டு போகிறேன்: காலில் முள் எடுப்பவன், துப்பாக்கியைப் புதைத்தவன், புதைக்க மறுத்தவன். செத்தவர்களைப் பற்றி அவர்கள் பேசும்போது பெயர் சொல்லிப் பேசுகிறார்கள் என்று எழுதுகிறேன், பெயரை எழுதுவதில்லை. வாசகன் கதவுக்கு வெளியே நின்று பேச்சுச் சத்தத்தை மட்டும் கேட்கிறவன் மாதிரி இருக்க வேண்டும். இது வெறும் உத்தியாகப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. நாற்பது பக்கத்துக்கு நிற்கும், நானூறு பக்கத்துக்கு நிற்குமா என்று சொல்ல முடியாது.

பெரியவரிடம் பெயர்களை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் அப்போது பொம்மை அச்சில் மண்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அச்சு நீரை உறிஞ்சும், ஓரத்தில் மண் படியும், நடுவில் இருக்கிற குழம்பைத் திருப்பிக் கொட்டிவிடுவார்கள். உள்ளே வெற்றிடம், அது இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். சட்டியில் மிச்சத்தைக் கவிழ்த்தபடியே, “வேலக்காரங்க செத்தாங்கன்னீங்களே, அவங்கள எழுதுறீங்களா?” என்றார்.

ஐந்து பேரைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர்களை விட்டிருந்தேன். நோட்டின் முன்பக்கத்தில் சிப்பாய்களுக்கு ஏழு கோடு போட்டுவைத்திருக்கிறேன், பட்டறையில் வராத ஆட்களுக்குப் போடுவதுபோல. அதற்குக் கீழே வேலைக்காரர்கள் என்று எழுதி, ‘பலர்’ என்றால் எத்தனை கோடு போடுவது என்று தெரியாமல் பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.